‘பிள்ளை ஓடுறவ’ என்று மருந்துக்கடையில் சொல்லுங்கள்

தை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். பனியும் மைதானத்துத் தூசும் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தடிமனும் முட்டும் கிளம்புவதும் அப்போதுதான். மருந்தாளராக அந்த நாட்களில் என் கைக்கு வரும் துண்டுகளில் முட்டுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் குளிசையும் பிரெட்னிசொலோனும் அடிக்கடி இருக்கும். பிள்ளை ஓடுகிறவரா என்று எழுதிய டொக்டருக்கும் தெரியாது, வாங்க வந்த தாய்க்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றாது.

போன பருவத்தில் ஓர் அம்மா வந்தார். பக்கத்தில் மகள், தோளில் ஸ்பைக்ஸ் சப்பாத்துப் பை.

“மகள் ஓடுறவவோ அன்ரி?”

“ஓம் தம்பி, நூறு மீற்றர். மாகாணத்துக்குத் தெரிவாகியிருக்கிறா. ஏன், இது சும்மா முட்டுக் குளிசைதானே?”

சும்மா குளிசைதான். ஆனால் சல்பியூட்டமோல் குளிசையாகவோ பாணியாகவோ உள்ளே போனால், போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விளையாட்டின் ஊக்கமருந்து விதிப்படி அது தடைசெய்யப்பட்டது. அதே மருந்தை பம்பில் இழுத்தால் அனுமதி உண்டு: 24 மணித்தியாலத்துக்கு 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணித்தியாலத்துக்குள்ளும் 600க்கு மேல் போகக்கூடாது. வழக்கமான பம்பில் ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம். டொக்டர் சொன்ன அளவில் பாவிக்கும் பிள்ளைக்கு இது தாராளம். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டுப் பிடிக்கும் மருந்து வேறு கணக்கு; ஒரு தடவையிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பிரெட்னிசொலோன் குளிசைக்குப் போட்டிக் காலத்தில் மட்டும் தடை. இந்த விதியில் போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும். உடம்பிலிருந்து அது போக மூன்று நாள் இடைவெளி வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ட்ரையம்சினொலோன் ஊசியைத் தசையில் போட்டால் அறுபது நாள்! பரசிற்றமோல், செற்றிரிசின், அமொக்சிசிலின் எல்லாவற்றுக்கும் பிரச்சினை இல்லை.

அன்று டொக்டருக்கு அழைப்பெடுத்தேன். குளிசையைப் பம்பாக மாற்றித் தந்தார். இரண்டு நிமிட வேலை.

“எங்கட பிள்ளையை ஆர் சோதிக்கப் போகினம்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்றே ஒரு முகவர் நிலையம் இருக்கிறது. பாடசாலை வீரர்களிடமும் சிறுநீர் எடுக்கலாம். விதி ஈவிரக்கம் பார்க்காது: உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடினவருக்கு. “தெரியாமல் குடிச்சிட்டன்” என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது.

தெரியாமல் நடந்ததற்கு உலகமறிந்த உதாரணம் பிரித்தானியாவின் சிஜே உஜா. 2021இல் டோக்கியோவில் 4x100 மீற்றர் அஞ்சலில் வெள்ளி வென்ற அணியில் முதல் ஆளாக ஓடியவர். அவருடைய மாதிரியில் ஒஸ்டரின், எஸ்-23 என்ற இரண்டு தசை வளர்க்கும் பொருட்கள் இருந்தன. கலப்படமான சப்ளிமென்ற் (மேலதிகச் சத்துக்கென்று எடுப்பது) ஒன்றால் வந்தது, வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை விசாரித்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அப்படியும் 22 மாதத் தடை. கூட ஓடிய மூன்று பேரின் பதக்கமும் போனது. அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? உசைன் போல்ட்டின் பீஜிங் அஞ்சல் தங்கமும் இப்படித்தான், சக வீரர் நெஸ்ரா கார்ட்டரின் 2008ஆம் ஆண்டு மாதிரியை மறுபடி சோதித்ததில், 2017இல் பறிபோனது.

இதனால்தான் வெளிநாட்டுச் சப்ளிமென்ற் ரின்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கனடா மாமா, லண்டன் சித்தி ஆசையாக அனுப்பியது. “ஜிம்முக்குப் போற எல்லாரும் குடிக்கினம்” என்ற ஒரு வரிச் சான்றிதழ். புரத மாவுக்குத் (புரோட்டீன் தூள்) தன்னளவில் தடையில்லை. அந்தத் தொழிற்சாலையில் அதற்கு முன் எதை அரைத்தார்கள் என்பது தெரியாததுதான் சிக்கல். பயிற்சிக்கு முன் குடிக்கும், ‘எனர்ஜி’ தருவதாகச் சொல்லும் தூள்கள் இன்னும் மோசம். தொகுதி இலக்கத்தோடு ஆய்வுகூடத்தில் சோதித்த முத்திரை உள்ளவை ஓரளவு பாதுகாப்பு, முழு உத்தரவாதம் அல்ல. பதினாறு வயதுப் பிள்ளைக்கு முட்டையும் பயறும் மீனும் போதாது என்று யார் சொன்னது?

லேகியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இயற்கை’ என்பது அனுமதிச்சீட்டு இல்லை. கஞ்சா சேர்ந்த லேகியங்கள் நம் நாட்டில் சாதாரணமாகவே விற்கப்படுகின்றன. போட்டிக் காலத்தில் கஞ்சா தடை.

குறுந்தூர ஓட்டக்காரரின் காலம் ஏற்கெனவே சின்னது. நம் நாட்டு யுப்புன் அபேகோன் 2022இல் நூறு மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, தென்னாசியாவில் பத்துக்குள் ஓடிய முதல் ஆள் ஆனபோது அவருக்கு வயது 27. தசை வளர்க்கும் ஸ்டெரொய்ட் வகைப் பொருளுக்குத் தொடக்கத் தண்டனையே நான்கு வருடத் தடை. பத்தொன்பதில் பிடிபட்டால் திரும்பி வரும்போது இருபத்துமூன்று. இடையில் எந்தப் பயிற்றுநர் காத்திருப்பார்?

ஆனால் இதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். போட்டிக்குப் பயந்து முட்டுப் பம்பையே தொடாத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. மாற்று மருந்தே இல்லையென்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. சுவாசப் பரிசோதனை அறிக்கையுடன் டொக்டர் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், போட்டிக்கு முப்பது நாளாவது முன்னதாக. அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம். அதற்கு அன்றைய சிகிச்சைத் துண்டு கையில் இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து, பயிற்றுநருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.