சுய விழிப்புணர்வா, தன்னுணர்வா?

போன மாதம் ஈரோட்டில் ஒரு மாடி அரங்கில் சோதனைக் குறும்படங்கள் போட்டார்கள். நோட்டீசில் ‘சுய விழிப்புணர்வுக் குறும்படங்கள்’ என்றிருந்தது; ‘செல்ஃப் அவேர்னஸ்’ என்பதை அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். முதல் படம் அமெரிக்கச் சோதனைப் பட இயக்குநர் மாயா டெரனும் அவர் கணவரும் 1943-இல் எடுத்தது, 14 நிமிடம். ஒரே பெண் மூன்று பேராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சாவியை ஆளாளுக்கு எடுத்துப் பார்க்கிறாள். பக்கத்துப் பெரியவர் என் தோளைத் தொட்டார். “ஏனுங் தம்பி, டெங்குப் படம் எப்பங்க போடுவாங்க?”

அவர்மேல் தப்பில்லை. விழி, விழிப்பு, அதோடு உணர்வு. சொல் பிறந்த கதை அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வீடு கதவில் ஒட்டுகிற நோட்டீஸ்கள் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டன. டெங்கு, ஹெல்மெட், ரத்ததானம். விழிப்புணர்வு என்றாலே ஒருவர் சொல்லிக்கொடுக்க இன்னொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தன்னைத் தானே பார்க்கிறவளுக்கு அங்கே யார் வந்து சொல்லிக்கொடுப்பது? ‘அவேர்னஸ்’ என்று கண்டால் விழிப்புணர்வு, ‘செல்ஃப்’ என்று கண்டால் சுய. மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டுக் கூலி வாங்கிப் போய்விடுகிறார்கள்.

‘சுய’ வடசொல் என்று நான் தள்ளவில்லை. ஈரோட்டுக்காரன் சுயமரியாதை என்ற சொல்லோடு சண்டைக்குப் போவானா?

என் சொல் தன்னுணர்வு. பார்ப்பதோடு, பார்ப்பது நான்தான் என்பதும் சேர்ந்து தெரிவது. சுயநினைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ஆஸ்பத்திரிச் சொல்; விபத்துச் செய்தியில் மட்டும் இருக்கட்டும். பேரூர்ப் பக்கம் சைவம் படித்த நண்பர் ‘தற்போதம்’ என்று அடம்பிடிக்கிறார். அழகான பழஞ்சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்தாந்தத்தில் தற்போதம் என்பது ‘நான்’ என்ற முனைப்பு. அது ஒழிந்தால்தான் சிவனை அறியும் சிவபோதம். ஒழிய வேண்டியதன் பெயரைக் கவனித்துப் பார்க்க வேண்டியதற்கு வைக்கலாமா? தன்னறிவு கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. “தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை” என்று திருமூலரே துணைக்கு இருக்கிறார். ஆனாலும் அது அறிந்து முடித்த நிலை. அந்தப் பெண் இன்னும் சாவியைத்தானே புரட்டிக்கொண்டிருக்கிறாள்?

அதே நோட்டீசில் கண் காண்பதற்கு (பர்செப்ஷன்) ‘கண்ணோட்டம்’ என்று வேறு போட்டிருந்தார்கள். குறளின் 58-ஆம் அதிகாரத்தில் கண்ணோட்டம் என்றால் இரக்கம்; இன்றைய பேச்சில் ஒருவரின் கருத்து. புலனுணர்வு என்று எழுதக் கை வலிக்கிறதா?

படம் முடிந்து படியிறங்கும்போது பெரியவரிடம் தன்னுணர்வைச் சொல்லிப் பார்த்தேன். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அப்படிப் போட்டிருந்தா நான் வந்தே இருக்க மாட்டனுங்களே.”