முதல் வலிப்பா? மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்

இதுவரை வலிப்பே வராத ஒருவருக்கு நாற்பது வயதில் திடீரென வலிப்பு வந்தால், வீட்டார் முதலில் கேட்பது "மூளையில் கட்டியா டாக்டர்?" என்றுதான். ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். கூடவே, கடந்த சில நாட்களில் அவர் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். முறையாக எழுதிக் கொடுத்த மருந்தாலும் வலிப்பு வரலாம்.

அவற்றில் முக்கியமானது டிராமடால். முதுகுவலிக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் தரப்படுவது. வலி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் "பாராசிட்டமால் 325 மி.கி., டிராமடால் 37.5 மி.கி." என்று பொடி எழுத்தில் இருக்கும். எலும்பு டாக்டர் ஒரு பெயரிலும் பல் டாக்டர் வேறொரு பெயரிலும் இதையே எழுதியிருந்தால், தெரியாமலே இரட்டை அளவு உள்ளே போகும். சாதாரண டிராமடாலில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. உச்ச அளவு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300, சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் 200. இந்த அளவுக்குள்ளேயே வலிப்பு வந்தவர்களும் உண்டு. மன அழுத்த மருந்துகளான ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஒன்று இதனுடன் சேர்ந்தால் ஆபத்து கூடும். நரம்புவலிக்காக அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர், "மன அழுத்த மருந்தா? நான் எதுவும் சாப்பிடுவதில்லையே" என்பார். அவரைப் பொறுத்தவரை அது நரம்பு மாத்திரை. அதனால்தான் வாய்வார்த்தையை நம்பாமல் அட்டையைக் கேட்கிறோம்.

இளைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவருக்குக் கிருமித் தொற்றுக்கான சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால், கல்லீரல் தியோஃபிலினைச் சிதைக்கும் வேகம் குறைந்து அது ரத்தத்தில் தேங்கும். வாந்தி, படபடப்பு, கைநடுக்கம் வரலாம். இவை எதுவும் இல்லாமல் நேரே வலிப்பும் வரலாம்.

நிறுத்துவதாலும் வலிப்பு வரும். தூக்கத்துக்காக மாதக்கணக்கில் அல்பிரசோலம் சாப்பிட்டவர், வெளியூர் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து சட்டென விட்டால், ஓரிரு நாளிலேயே வலிப்பு வரக்கூடும். டாக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். இதைப் படித்துப் பயந்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். முதல் வலிப்பு என்றாலோ, 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கிளம்பும்போது வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை, சமீபத்தில் எது புதிதாகச் சேர்ந்தது, எது நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.