சுருக்கெழுத்தை விரிக்கிறோம், மறைநீக்கம் செய்வதில்லை

‘தாத்தா விட்டுச்சென்ற சுருக்கெழுத்துக் குறிப்புகளை மறைகுறிநீக்கம் செய்தோம்.’ இந்த மாதிரி வாக்கியங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. சிலர் மறைவிலக்கம் என்கிறார்கள், சிலர் குறிவிலக்கம் என்கிறார்கள். தமிழ்ச்சொல் தேடியிருக்கிறார்களே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தச் சொல் தாத்தா செய்த வேலையையும் தவறாகச் சொல்கிறது, பேரப்பிள்ளைகள் செய்யும் வேலையையும் தவறாகச் சொல்கிறது. அதனால் விட மனம் வரவில்லை.

முதலில் சொல்லின் வரலாறு. சுருக்கெழுத்தை ஆங்கிலத்தில் ஸ்டெனோகிராஃபி என்பார்கள். ‘ஸ்டெனோ’ கிரேக்கத்தில் குறுகிய, நெருக்கமான என்று பொருள்படும். ‘கிராஃபி’ என்பது எழுத்து. சுருக்கெழுத்து இதற்கு அப்படியே பொருந்துகிறது. சுருக்கிய, சுருக்குகிற, சுருக்கும் எழுத்து என்று விரியும் நல்ல வினைத்தொகை அது. இதைக் குறுக்கெழுத்து என்று சொல்பவர்களும் உண்டு. அது கட்டம் போட்ட போட்டிக்குரிய பெயர், அங்கேயே இருக்கட்டும். மறைகுறிநீக்கம் என்று தமிழாக்கப்படும் ஆங்கிலச் சொல் ‘டிசைஃபர்’. அதன் உள்ளே இருக்கும் ‘சைஃபர்’ அரபியின் ‘சிஃப்ர்’, அதாவது வெற்றிடம், சுழியம். நாம் பூஜ்யத்தைச் ‘சைபர்’ என்பதும் அதே சொல்தான். எண்ணைக் குறித்த சொல் ஐரோப்பாவில் இரகசிய எழுத்தையும் குறிக்கத் தொடங்கியது. அதைப் பிரித்துப் படிப்பது டிசைஃபர் ஆனது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. இரகசியக் குறியீட்டை உடைப்பது, தேய்ந்த கல்வெட்டைப் படிப்பது, மருத்துவரின் கையெழுத்தைப் புரிந்துகொள்வது, சுருக்கெழுத்தை வாசிப்பது எல்லாமே டிசைஃபர். தமிழில் அப்படி இல்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் ‘படித்தறிந்தார்’ என்றுதான் எழுதுகிறோம், மறைநீக்கினார் என்று யாரும் எழுதுவதில்லை. அசோகர் எதையும் மறைக்கவில்லையே! ஊரறியப் பாறையில் பொறித்தார். படிக்கத் தெரிந்தவர்கள் பிற்காலத்தில் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான்.

அதே 1837இல்தான் ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். அதிலும் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அச்சிட்ட பாடநூல் உண்டு, வகுப்புகள் உண்டு, உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் கற்றார்கள். பேசும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும் என்பது ஒன்றே நோக்கம். மறை என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இங்கே பொய் சொல்கிறது. எழுதியவர் எதையோ ஒளித்துவைத்தார் என்ற சந்தேகத்தை அது கிளப்புகிறது. அலுவலகக் கூட்டத்தின் குறிப்பாகவோ, வானொலியில் கேட்ட சொற்பொழிவாகவோ இருக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, குடும்பத்தார் இரகசியம் தேட ஆரம்பிக்கிறார்கள்.

சுருக்கெழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு சொல்லை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பிட்மன் முறையில் ‘ட்’ ஒரு செங்குத்துக் கோடு, ‘ப்’ ஒரு சாய்ந்த கோடு. இரண்டையும் சேர்த்து எழுதினால் மெய்யொலிகள் மட்டும் தாளில் நிற்கும். உயிர்களைப் புள்ளியாலும் சிறு கோட்டாலும் குறிக்க வழி உண்டு, ஆனால் வேகமாக எழுதும்போது அவற்றை விட்டுவிடுவார்கள். முதல் கோட்டை வரிக்கு மேலே எழுதினால் டாப் (top) அல்லது டைப் (type), வரியைத் தொட்டு எழுதினால் டேப் (tape), வரியை ஊடுருவி எழுதினால் டிப் (tip). டாப்பா டைப்பா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். அந்த ‘ட்’ கோட்டைக் கொஞ்சம் அழுத்தித் தடிப்பாக்கினால் ஒலிப்புடைய ஒலியாகிவிடும், அதாவது t என்பது d ஆகும், டிப் (tip) இருந்த இடத்தில் டீப் (deep) வந்துவிடும். பென்சில் மங்கிப் போன பழைய தாளில் மெல்லிய கோடு எது, தடித்த கோடு எது என்று தெரியாமல் திண்டாடுவது இதனால்தான்.

தமிழ் படிக்கிறவருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பம்பரம் என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு. இடம் பார்த்துத் தானாகப் படிக்கிறோம். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். எந்தச் சொல் என்பதைப் பொருளை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அதைச் சுவடி வாசித்தல் என்றோம். நாள், மாதம், வருடம், மேற்படி, வரவு, பற்று ஆகியவற்றுக்குப் பழைய கணக்கேடுகளில் ஒற்றைக் குறிகள் இருந்தன. அவற்றைப் படித்த கணக்கர் எதையும் மறைநீக்கவில்லை.

சரி, வேறு எந்தச் சொல்? என் பரிந்துரை மிகப் பழையது: விரித்தல். சுருக்கியதை விரிக்கத்தானே வேண்டும்? நம் இலக்கணத்தில் இது ஊறிப்போன சொல். ‘பால் குடித்தான்’ என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது, ‘பாலைக் குடித்தான்’ என்று விரிக்கிறோம். தாளில் இல்லாத உருபை, இருக்க வேண்டிய இடமறிந்து, பொருளறிந்து கொண்டுவருகிறோம். சுருக்கெழுத்தில் விடுபட்ட உயிரொலியைக் கொண்டுவருவதும் இதே செயல்தான். தொகைக்கும் விரிக்கும் உள்ள உறவு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்போது, கணினிக் கலைச்சொல் பட்டியலைத் திறக்க வேண்டிய தேவை என்ன?

‘உருபு மறைந்து வருகிறது என்றும் இலக்கண ஆசிரியர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் மறை சரிதானே’ என்று ஒருவர் கேட்கலாம். மறைந்தது வேறு, மறைத்தது வேறு. மறைகுறி என்பதில் இருப்பது இரண்டாவது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று அது குற்றம்சாட்டுகிறது. குழூஉக்குறி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளுக்கு வழங்கும் வேறு பெயர். சுருக்கெழுத்தில் சொல் மாறவே இல்லை, வரிவடிவம்தான் குறுகியது.

மொழிபெயர்ப்பு என்று எழுதுவது இன்னொரு பிழை. ஆங்கிலச் சுருக்கெழுத்தை விரித்தால் கிடைப்பது ஆங்கிலம்தான். அதைத் தமிழாக்குவது அதற்கு அப்புறம் வரும் வேலை. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காகப் பிரிக்கிறது. விரித்தல் வேறு, மொழிபெயர்த்தல் வேறு என்று அன்றே பிரித்துவைத்ததை இன்று மொழிபெயர்ப்பாளர்களே குழப்புவது வருத்தமாக இருக்கிறது. படியெடுத்தல் என்றால் இருப்பதை இருந்தபடி எழுதுவது. ஒலிபெயர்ப்பு ஓரளவு நெருங்குகிறது, ஆனால் பாதி ஒலி தாளிலேயே இல்லாதபோது எதைப் பெயர்ப்பது?

தவறான சொல் வேலையையும் தவறான பக்கம் இழுக்கும். ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகி சாமுவேல் பீப்ஸின் 1660களின் நாட்குறிப்பு இதற்குச் சான்று. தாமஸ் ஷெல்டனின் சுருக்கெழுத்து முறையில் எழுதப்பட்டது அது. 1819 முதல் 1822 வரை ஜான் ஸ்மித் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் அதனோடு மல்லுக்கட்டித் தானே முறையைக் கண்டுபிடித்து முழுவதையும் எழுதி முடித்தார். ஷெல்டனின் பாடநூல் பீப்ஸின் அதே நூலகத்தில்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. இது ஏதோ இரகசிய எழுத்து என்று அணுகாமல், இது எந்தச் சுருக்கெழுத்து முறை என்று யாராவது முதலில் கேட்டிருந்தால் அந்த ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். பீப்ஸ் அந்தரங்கமான சில இடங்களில் ஸ்பானியம், பிரெஞ்சுச் சொற்களைக் கலந்து எழுதினார். அங்கே மட்டும் மறைப்பு என்ற சொல் பொருந்தும்.

வீட்டில் குறிப்பேடு கிடைத்தவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: எந்த முறை, எந்தப் பதிப்பு? கோட்டில் தடிப்பும் மெலிவும் இருந்தால் பெரும்பாலும் பிட்மன். தடிப்பு வேறுபாடே இல்லாமல், சின்னதும் பெரியதுமாக வட்டங்கள் கோட்டோடு சேர்ந்து ஓடினால் கிரெக். ஜான் ராபர்ட் கிரெக் 1888இல் வெளியிட்ட முறை அது. அதில் தடிப்புக்குப் பதில் நீளம் பேசும், குட்டைக் கோடு ‘ட்’ என்றால் நீண்டது அதன் ஒலிப்புடைய இணை. கிரெக்கில் 1929, 1949, 1963 என்று பதிப்புக்குப் பதிப்பு குறுக்கங்கள் மாறின. எழுதியவர் படித்த காலத்துப் பாடநூலைத் தேடிப் பிடித்தால் பாதிக் குழப்பம் தீரும். பக்கத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு அடித்திருந்தால் பெரும்பாலும் அதை அவரே முன்பு விரித்தெழுதி முடித்துவிட்டார் என்று பொருள். சுருக்கெழுத்தர்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. கோடு விழாத பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.

ஆக, முறையைக் கண்டுபிடித்துக் கண்ணால் படிப்பது சுருக்கெழுத்து வாசிப்பு. படித்ததை முழுச்சொல்லாக எழுதுவது விரித்தெழுதுதல். கிடைக்கும் பிரதி விரிபடி. எந்தச் சொல் என்று உறுதியில்லாத இடத்தில் ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள் போட்டு, மூலக்குறியைப் பக்க ஓரத்தில் அப்படியே வரைந்துவைக்க வேண்டும், அடுத்து வாசிப்பவருக்கு டாப்பும் டைப்பும் வேறு மாதிரி தெரியலாம். முன்பக்கத்தில் ‘மறைகுறிநீக்கியவர்’ என்று போடாமல் ‘விரித்தெழுதியவர்’ என்று பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.