பெரியம்மாவின் பேங்க் கார்டு அடுத்தவர் கையில்: சட்டப்படி என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த், பாகான் டாலாமில் தனியாக இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு 79 வயது. பிள்ளைகளில் ஒருவர் ஜொகூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். கோயிலில் பழக்கமான ஒரு அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, மார்க்கெட் சாமான் வாங்கித் தந்து, கிளினிக்குக்கும் அழைத்துப் போவார். போன தைப்பூசத்துக்கு நாங்கள் போனபோதுதான் பெரியம்மாவின் பேங்க் கார்டு, பின் நம்பர், ஐசி (அடையாள அட்டை) மூன்றும் அந்த அம்மாவிடமே இருப்பது தெரிந்தது. கேட்டதற்குப் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வராத நாளெல்லாம் அவதானே வந்தா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த அம்மா ஒரு காசுகூடத் தொடாதவராகவும் இருக்கலாம். ஆனால் தொட்டால் யாருக்குத் தெரியும், யார் கேட்க முடியும்? இதை விசாரிக்கப் போனபோது, உறவினர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சட்டம் வேறு, உண்மையில் இருக்கும் சட்டம் வேறு என்பது புரிந்தது.

எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: பெரியவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா?

தெளிவாக இருந்தால், முடிவு அவருடையது

மலேசியாவில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அவர் பணத்தின் மேல் பிள்ளைகளுக்கு அதிகாரம் வந்துவிடாது. எண்பது வயதிலும் தன் பணத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நமக்குப் பிடிக்காதவருக்கும் கொடுக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் உறவினரின் பணத்தை ஏமாற்றி எடுத்துக்கொள்வதும் வன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது குடும்பத்துக்குள் நடப்பதற்கு மட்டும்தான். வெளியிலிருந்து வரும் நண்பரை அந்தச் சட்டம் தொடாது.

வங்கியும் உங்களிடம் பேசாது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி வாடிக்கையாளரின் கணக்கு ரகசியம். கவுண்டரில் நின்று "நான் மகன்" என்று சொன்னாலும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யார் எடுத்தார் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று: வங்கி உங்களுக்குச் சொல்லாதே தவிர, நீங்கள் வங்கிக்குச் சொல்லலாம். இந்தக் கணக்கில் வேறு யாரோ பணம் எடுப்பதாகச் சந்தேகம் என்று கிளை அதிகாரியிடம் எழுத்தில் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஆகவே புத்தி தெளிவாக இருக்கும்வரை உங்களிடம் உள்ள ஒரே ஆயுதம் அவருடைய கையெழுத்து. அவரை உட்காரவைத்துப் பேசி, அவரோடு போய், அவர் கையாலேயே மாற்ற வேண்டும். பழைய கார்டை முடக்கிப் புதிய கார்டும் புதிய பின் நம்பரும் வாங்க ஒரு காலை நேரம் போதும். கைப்பேசியில் ஆன்லைன் வங்கி இருந்தால், சந்தேகம் வந்த நொடியில் கணக்கைத் தாமே முடக்கும் வசதி இப்போது வங்கிகளில் இருக்கிறது. கூட்டுக் கணக்காக இருந்தால் 'யாராவது ஒருவர் கையெழுத்து' என்று இருக்கிறதா, 'இருவர் கையெழுத்தும்' என்று இருக்கிறதா பாருங்கள். முதல் வகையில் அந்த நண்பர் ஒரே நாளில் முழுவதையும் எடுத்தாலும் வங்கியைக் குறை சொல்ல முடியாது.

நாங்கள் செய்தது இதுதான்: அந்த அம்மாவையும் கூடவே பேங்குக்கு அழைத்துப் போனோம். மறைத்துச் செய்திருந்தால் பெரியம்மா எங்களை நம்பியிருக்கமாட்டார். சாமான் வாங்க வாரம் 100 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுப்பது, ரசீதை ஒரு டப்பாவில் போட்டுவைப்பது என்று முடிவானது. ஐசியும் திரும்பி வந்துவிட்டது. அரசு தரும் சாரா (SARA) உதவிப் பணத்தில் சாமான் வாங்க அந்த ஐசிதான் கார்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 424ஏ, 424பி பிரிவுகளின்படி, சட்டப்படியான அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் அடுத்தவர் கார்டையோ கணக்கையோ தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது குற்றம். அப்படித் தூக்கிக் கொடுப்பதும் குற்றம். மோசடிப் பணம் கைமாறும் 'கழுதைக் கணக்கு'களுக்காக வந்த சட்டம் இது. சாமான் வாங்கிக் கொடுக்கும் அண்டைவீட்டாரைப் பிடிக்க வந்ததல்ல. ஆனால் பெரியவர் கொடுத்த கார்டு வழியாக யாரோ ஒருவரின் மோசடிப் பணம் போனால், போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்குக்கு உரியவர் வீட்டில்தான். சண்டை போடாமல் கார்டைத் திரும்ப வாங்க இதையே காரணமாகச் சொல்லலாம்.

நாமினி விஷயத்தையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் யார் பெயரை நாமினியாக வைத்திருக்கிறாரோ, பணம் அவருக்கே சொந்தம். உயிலில் மகன் பெயர் இருந்தாலும் அந்தப் பணத்தைப் பொறுத்தவரை உயில் செல்லாது. ஆயுள் காப்புறுதி அப்படியில்லை. அங்கே முஸ்லிம் அல்லாதவர் நண்பரை நாமினியாக வைத்தால், அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பாளர் மட்டுமே. முஸ்லிம்களுக்குச் சேமநிதி நாமினியும் பொறுப்பாளர்தான், பங்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசு முறைப்படி. உயில் எழுதாமல் இறந்தால் மற்ற சொத்தில் நண்பருக்கு ஒன்றும் போகாது. அதனால்தான் சிலர் உயிலுக்காக அவசரப்படுத்துவார்கள். முஸ்லிம் அல்லாதவரின் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும். அந்தச் சாட்சிகளில் ஒருவரே சொத்து பெறுபவராகவோ அவரின் கணவன் மனைவியாகவோ இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது.

பவர் ஆஃப் அட்டர்னி

"எதற்கும் ஒரு பவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பவர் என்பது நம் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம். பிள்ளைகளும் இதையேதான் தீர்வு என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2010 முதல், புத்தி தளர்ந்த பிறகும் செல்லும் 'நீடித்த அதிகாரப் பத்திரம்' இருக்கிறது. ஜொகூரில் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் உண்டு என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் 1949ஆம் ஆண்டு பவர் ஆஃப் அட்டர்னி சட்டத்தில் சாதாரண பவர், எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ அவர் புத்தி சரியில்லை என்று தீர்ப்பானாலோ முடிந்துவிடும். அதாவது, எந்த நாளுக்குப் பயந்து எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது.

அதே சட்டத்தில் மறுபக்கமும் உண்டு. பத்திரத்தில் 'ரத்து செய்ய முடியாதது' என்றும், பணமோ வேறு மதிப்புள்ள ஒன்றோ பெற்றுக்கொண்டு கொடுத்தது என்றும் எழுதியிருந்தால், எழுதிக்கொடுத்தவர் நினைத்தாலும் தனியாக ரத்து செய்ய முடியாது. அவர் இறந்த பிறகும் அந்தப் பவர் நிற்கும். ஏமாற்ற நினைப்பவர் கொண்டுவரும் தாளில் முதலில் தேட வேண்டிய இரண்டு வரிகள் இவை.

சாதாரண பவர் என்றால் ரத்து செய்ய வழி இருக்கிறது. வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் எழுதி, அந்தப் பவர் எங்கெங்கே பதிவானதோ அங்கெல்லாம் கொடுக்க வேண்டும். முதலில் உயர் நீதிமன்றப் பதிவகம். பினாங்கில் அது ஜார்ஜ்டவுன் லைட் சாலையில் இருக்கிறது. நில அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி.

வீடு, நிலம்

யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடல் செய்யலாம். பினாங்கில் கொம்தாரில் உள்ள நிலத் தலைமை அலுவலகத்திலோ அந்தந்த மாவட்ட நில அலுவலகத்திலோ கேட்கலாம். கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் பெரியம்மா பெயரில்தானா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, தாளிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் "நான் மகன், கேவியட் போடுகிறேன்" என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேவியட் என்பது நிலத்தைக் கைமாற்ற விடாமல் தடுக்கும் பதிவு. தனிநபர் கேவியட் போட அந்த நிலத்தில் இன்றைக்கே உங்களுக்கு ஓர் உரிமை இருக்க வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு அந்த வீட்டில் வாரிசு உரிமை என்று ஒன்றும் கிடையாது. கசப்பாக இருந்தாலும் இது நியாயம்தான். பெரியவரைக் காப்பாற்றுகிறோமா, நமக்கு வரப்போகும் வீட்டைக் காப்பாற்றுகிறோமா என்று நில அலுவலகம் நம்மிடம் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறொரு வழி இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 320ஆவது பிரிவின்படி, மோசடியைத் தடுக்கவோ, மனநலம் குன்றியவரின் நலனைக் காக்கவோ நிலப் பதிவாளர் தாமே கேவியட் போடலாம். அதற்காக அவருக்கு எழுதலாம். மருத்துவ அறிக்கையும் போலீஸ் புகாரும் இல்லாமல் வெறும் கடிதம் கொடுத்தால் அசைய மாட்டார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள்.

நினைவு தளர்ந்துவிட்டால்

முதலில் அரசு மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ மதிப்பீடு. மறதி நோய் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. 'தன் காரியங்களைத் தானே நடத்த முடியாது' என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதை வைத்து, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உறவினர் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். நீதிமன்றம் விசாரித்து, அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரையோ பலரையோ பொறுப்பாளராக நியமிக்கும். அதற்குப் பிறகு வங்கி உங்களிடம் பேசும். லாயர் செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. உடன்பிறந்தவர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னும் இழுக்கும்.

நல்ல நாளும் கெட்ட நாளுமாக நினைவு வந்து போகும் இடைக்காலம்தான் மிக ஆபத்தானது. பெரும்பாலான கையெழுத்துகள் அப்போதுதான் வாங்கப்படுகின்றன. நல்ல நாளில் மருத்துவரிடம் ஓர் அறிக்கை வாங்கி வைப்பது பின்னால் இரண்டு பக்கமும் உதவும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால்

ஆன்லைனில் சற்றுமுன் போயிருந்தால் முதலில் 997. அது தேசிய மோசடிப் பதிலளிப்பு மையம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மறிக்க முயல்வார்கள், அதனால் குடும்பக் கூட்டம் போட்டுப் பேசிவிட்டு அழைப்பதில் பயனில்லை. அப்புறம் போலீஸ் புகார். நீங்களும் கொடுக்கலாம், ஆனால் பெரியவரே வந்து சொன்னால் அதற்கு வலு வேறு. எந்தத் தேதியில் எவ்வளவு என்று கணக்கு அறிக்கையில் கோடிட்டு எடுத்துப் போங்கள். "ரொம்ப நாளா எடுக்கிறாங்க" என்றால் விசாரணை அதிகாரிக்குப் பிடி கிடைக்காது.

வீட்டையோ பெரிய தொகையையோ எழுதிக்கொடுத்திருந்தால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் பற்றி லாயரிடம் கேளுங்கள். வயது, நோய், மன உளைச்சல் இவற்றால் மனத்திறன் தளர்ந்தவரோடு ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அவர் மனத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தம் பார்வைக்கே அநியாயமாக இருந்தால், தான் அழுத்தம் கொடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அந்த நண்பர்தான். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

கைமாற்றாக வாங்கிய தொகை 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு போதும், லாயர் வைக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் என்றால், வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். இரண்டிலும் வருமானம் பார்ப்பார்கள், சம்பளச் சீட்டோ உதவித்தொகை கடிதமோ கையில் இருக்கட்டும்.

பணத்தோடு மிரட்டல், பட்டினி, வீட்டுக்குள் அடைத்துவைப்பது போன்றவையும் சேர்ந்தால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி, எண் 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தகவல் சமூகநல இலாகாவுக்குப் போகும். அழைக்கும்போது பெரியவரின் முழு முகவரி, ஃபிளாட் மாடி எண், அவர் தனியாக இருக்கும் நேரம் இவற்றைச் சொல்லிவிடுங்கள். அதிகாரி வரும் நேரத்தில் அந்த நண்பரே கதவைத் திறந்தால் பெரியவர் வாயே திறக்க மாட்டார்.