எலும்புச் சிமென்ட்டில் ஒரு சிட்டிகை உலோகம்

எலும்பில் விழுந்த குழியை அடைக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று கால்சியம் பாஸ்பேட் சிமென்ட். 1980களில் அமெரிக்காவில் பல் மருத்துவ ஆராய்ச்சியில் இருந்த பிரவுன், சோ என்ற இருவரின் கண்டுபிடிப்பு. தூளையும் திரவத்தையும் அறுவை அரங்கிலேயே குழைத்து நிரப்பிவிட்டால், உள்ளேயே இறுகிவிடும். செயற்கை மூட்டைப் பொருத்தப் பயன்படும் அக்ரிலிக் சிமென்ட் இறுகும்போது நன்றாகச் சூடேறும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

இறுகுவது எப்படி? தூள் மெல்லக் கரைகிறது. திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து அதிதெவிட்டிய நிலை, அதாவது திரவம் தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் நிலை, வந்ததும், எலும்புத் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட் ஊசி ஊசியாகப் படிகிறது. கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டிவைத்தால் எதை இழுத்தாலும் இன்னொன்று கூடவே வருமே, அந்த மாதிரிதான் இந்தப் படிகங்களும் பின்னிக்கொள்கின்றன. ஒட்டுப்பசை எதுவும் கிடையாது. பிடிப்பெல்லாம் இந்தப் பின்னலில்தான். ஆய்வகத்தில் ஒரு சின்ன அச்சில் பசையை நிரப்பி, எடை கட்டிய ஊசியை அதன்மேல் மெதுவாக வைத்து எடுப்பார்கள். தடம் விழாமல் போகிற நேரமே இறுகிய நேரம்.

இந்தக் கலவையில் கால்சியம் அல்லாத ஓர் உலோக அயனியை (மின்சுமை ஏறிய அணுவை)க் கொஞ்சம் சேர்த்தால் கதை மாறுகிறது. மக்னீசியத்தைப் பாருங்கள். கால்சியத்துக்கு இருக்கும் அதே இரட்டை நேர்மின்சுமைதான், ஆனால் ஆள் சிறியது: கால்சியத்தின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), இதற்கு 0.72. அதனால் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது, லேசில் விடுவதில்லை. வளரும் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் கால்சியத்துக்கு இடம் கொடுக்காமல் மறிக்கிறது. அபடைட் சிமென்ட் இறுகத் தாமதமாகிறது.

மக்னீசியம் தூளிலேயே கலந்திருந்தால் வேறு வம்பு. பல சிமென்ட்டுகளில் தூளின் முக்கியப் பொருளான ஆல்பா வகை டிரைகால்சியம் பாஸ்பேட்டைச் சுமார் 1125 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, சட்டென்று குளிரவைத்து எடுப்பார்கள். கச்சாப்பொருளில் ஒட்டிவந்த கொஞ்சம் மக்னீசியம் போதும், அதே பொருளின் இன்னொரு படிக வடிவமான, தண்ணீரோடு அவ்வளவாக வினைபுரியாத பீட்டா வகை அதில் தங்கிவிடும். ஆக, எந்த அயனி என்று கேட்பதோடு, அதை எங்கே சேர்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஸ்ட்ரான்ஷியம் இதற்கு நேர்மாறு. ஆரம் 1.18 என்பதால் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து படிகக்கூட்டை விரிக்கிறது. படிகம் கொஞ்சம் எளிதாகக் கரையும். அணு எண் 38 என்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். முதுகெலும்புக்குள் பசையைச் செலுத்தும் மருத்துவருக்கு அது எவ்வளவு தூரம் பரவியது என்று தெரிவது பெரிய விஷயம். எலும்பைக் கட்டும் செல்களை ஊக்குவித்து, கரைக்கும் செல்களை அடக்கும் குணமும் இதற்கு உண்டு. அதை நம்பித்தான் ஐரோப்பாவில் 2004-இல் எலும்புப்புரை நோய்க்கு ஸ்ட்ரான்ஷியம் ரானலேட் மருந்து வந்தது. இதயப் பாதிப்பு பற்றிய கவலையால் 2014-இல் அதன் பயன்பாட்டுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. உடம்பு முழுக்கப் பரவும் மருந்தைவிட, உடைந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் சிமென்ட் புத்திசாலித்தனமான வழி என்பது என் கருத்து.

துத்தநாகமும் வெள்ளியும் கிருமியை ஒடுக்குவதற்காகச் சேர்க்கப்படுபவை. அளவு கூடினால் கிருமியோடு நம் செல்களும் சாகும். தவிர, துத்தநாகமும் இறுகுவதைத் தாமதப்படுத்தும்.

சரி, மக்னீசியத்தின் மறிக்கும் குணம் எப்போதும் தொல்லைதானா? இல்லை. அமிலத்தன்மையுள்ள கலவையில் அபடைட்டுக்குப் பதில் பிரஷைட் என்ற படிகம் உருவாகும். உடலில் சீக்கிரம் கரைந்து புது எலும்புக்கு வழிவிடுவது அதன் சிறப்பு. ஆனால் குழைக்க ஆரம்பித்த சற்று நேரத்திலேயே கெட்டியாகிவிடும். போதாக்குறைக்கு, உடலுக்குள் போனபின், எளிதில் கரையாத அபடைட்டாக மெல்ல மாறவும் பார்க்கும். மக்னீசிய உப்பைச் சேர்த்தால் குழைக்க அவகாசம் கிடைக்கிறது, அபடைட்டாக மாறுவதும் தடைபடுகிறது.