கப்பலுக்கு முன்னால் வரும் அந்த இருபது கிலோமீட்டர்

போன வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பாளையங்கோட்டையில் என் பயண ஏற்பாட்டு அலுவலகத்தைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து போன். வீரவநல்லூர் அண்ணாச்சி ஒருவர். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், 78 வயது அம்மா என்று மொத்தம் ஏழு பேராகக் கப்பல் பயணம் போயிருந்தார்கள். "தம்பி, துறைமுகத்துக்கு வந்துட்டோம். ஆனா நம்ம கப்பலைக் காணோமே. மவன் வந்த டாக்சியையும் காணோம்" என்றார். குரல் நடுங்கியது.

சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் ஏறும் இடம் இரண்டு உண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட் பகுதியில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றது 2012-ல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டர். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். ஏழு பேர் என்பதால் ஓட்டல் வாசலில் இரண்டு டாக்சி பிடித்திருக்கிறார்கள். மகன் தன் டிரைவரிடம் போனில் இருந்த சீட்டைக் காட்டி சரியான இடத்துக்குப் போய்விட்டார். அண்ணாச்சி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். டிரைவர் அந்தப் பெயரில் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏழு பேரின் பாஸ்போர்ட்டும் அண்ணாச்சியின் பையில் இருந்தன.

இங்கே ஒன்பதரை மணி என்றால் அங்கே பன்னிரண்டு. நேரம் இருந்ததால் அவர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அந்த அம்மா ஒரு திண்டில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். என் மேலும் தவறு உண்டு. நான் கொடுத்த சீட்டில் சிங்கப்பூர் என்பது பெரிய எழுத்தில் இருந்தது. முனையத்தின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அன்றைக்கு அதை மாற்றினேன். இப்போது இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

விமான டிக்கெட், ஓட்டல், கப்பல் அறை மூன்றுக்கும் நம் மக்கள் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பத்துப் பேரிடம் விலை கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற பாதையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது அங்கன போய் பாத்துக்கிடலாம் தம்பி" என்கிறார்கள். எங்கள் தொழிலில் அந்தப் பாதைக்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். நான் பார்த்த வரையில் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

அந்தக் காலத்தில் இந்தக் கவலை குறைவு. நம் ஜில்லாவிலிருந்து கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன பெரியவர்கள் எத்தனையோ பேர். 1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் தூத்துக்குடியில் வந்து முடியும், அங்கே கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடித் துறைக்கே போனது. ரயிலைவிட்டு இறங்கி அங்கே நிற்கிற கப்பலில் ஏறினால், தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்திருக்கும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்ததைப் பற்றி நிர்வாகம் கவலைப்படும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அதுவும் போயிற்று. இன்று நீங்கள் விமானத்தை ஒரு இடத்திலும் கப்பலை இன்னொரு இடத்திலும் தனித்தனியாக வாங்கினால், விமானம் தாமதமானதைக் கப்பல்காரர் கேட்டுக்கொள்ள மாட்டார். கப்பல் போய்விட்டதே என்று விமான நிறுவனமும் வருத்தப்படாது. நடுவில் நடக்கிற எல்லாம் உங்கள் கணக்கு.

சரி, முதலில் துறைமுகத்தின் பெயர். கப்பல் விளம்பரத்தில் ரோம் என்று இருக்கும். ரோம் நகரத்தில் கடலே இல்லை. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற ஊரில். ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். லண்டன் என்று போட்டிருந்தால் பல நேரங்களில் சவுத்தாம்ப்டன். அது 120 கிலோமீட்டருக்கு மேல். பாங்காக் என்றால் லேம் சபாங், அதுவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. பெரிய கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும், நகரம் ஆழத்தைப் பார்த்து வளர்வதில்லை. நம் தூத்துக்குடியிலேயே வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய நாளில் கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தள்ளித்தான் நங்கூரம் போடும், ஆளும் சரக்கும் படகில் போக வேண்டும். விமான நிலையத்துக்கும் இதே கதை. தூத்துக்குடி விமான நிலையம் என்கிறோம். அது இருப்பது நெல்லைக்கு வரும் சாலையில் வாகைக்குளத்தில். நமக்கு அது தெரியும். முதல்தடவை வருகிற வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வெளியூரில் நாம்தான் அந்த வெளியூர்க்காரர்.

அதனால் சீட்டு கையில் கிடைத்ததும் நாலு விஷயத்தைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: விமான நிலையத்தின் முழுப்பெயர், அதில் எந்த முனையம், துறைமுகத்தின் பெயர், அதில் எந்த முனையம் அல்லது வாயில். மும்பையில் இப்போது விமான நிலையமே இரண்டு. நவி மும்பையில் 2025 டிசம்பரிலிருந்து விமானங்கள் இறங்குகின்றன. எதில் இறங்குகிறோம் என்று பார்க்காமல் காருக்குச் சொல்லிவிட்டால், கார் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் நிற்க வேண்டியதுதான்.

சென்னையிலும் இது உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் 2022 ஜூனில் கிளம்ப ஆரம்பித்த பிறகு, நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் போகின்றன. ஆட்டோவில் ஏறி "ஹார்பர்" என்று மட்டும் சொன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் போகலாம். துறைமுகத்துக்கே பல வாயில்கள்; லாரிகள் வரிசை கட்டி நிற்கிற வாயிலில் போய் மாட்டினால் அந்த வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ராஜாஜி சாலை, பயணிகள் முனையம், சீட்டில் போட்டிருக்கிற வாயில் எண் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி நேரம். கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் என்று இருந்தால், ஐந்து மணி நமக்கான நேரம் இல்லை. பதிவு முடிகிற நேரம் என்று ஒன்று சீட்டிலேயே இருக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி, சில நிறுவனங்களில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் கப்பல் கண்முன்னால் நின்றாலும் ஏற முடியாது. "காலையில ஆறு மணிக்கு வந்தே பாரத்துல ஏறுனா மத்தியானம் எழும்பூர், நேரா கப்பல்" என்று கணக்குப் போட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏறத்தாழ எட்டு மணி நேர ஓட்டம் அது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் எழும்பூரில் இறங்கி, பெட்டியோடு வெளியே வந்து, வண்டி பிடித்து, துறைமுகத்தில் சோதனை முடிக்க எல்லாமே நூல் பிடித்த மாதிரி நடந்தாக வேண்டும். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள். ஒரு ராத்திரி ஓட்டல் வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்த்து மொத்தக் கப்பல் காசையும் பணயம் வைக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் போகிறவர்களிடம் இதை நான் கெஞ்சியே சொல்வேன். 2023 டிசம்பரை நாம் யாரும் மறக்கவில்லை. மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 17-ம் தேதி நம் பக்கம் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த மாதத்தில் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூட போதாது, இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள்.

எந்தப் பக்கம் தங்குவது என்று கேட்பார்கள். கப்பலுக்கு முந்தின இரவு துறைமுகத்துக்குப் பக்கத்தில், விமானத்துக்கு முந்தின இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். சென்னை என்றால் எழும்பூர், பெரியமேடு, மண்ணடி வசதி. விமான நிலையத்திலிருந்து துறைமுகம் சுமார் 20 கிலோமீட்டர். வயதானவர்கள் இல்லாமல் சின்னப் பெட்டிகளோடு போகிற இளவட்டங்களுக்கு மெட்ரோ நல்லது. விமான நிலையத்தில் ஏறினால் இடையில் மாறாமலே உயர்நீதிமன்றம், மண்ணடி வரை வந்துவிடலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் அதிகாலை போய் இறங்குகிறவர்கள், ஓட்டலில் எத்தனை மணிக்கு அறை தருவார்கள் என்று முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் என்றால் ஆறு மணி நேரம் வரவேற்பறை சோபாவில் கழியும்.

அடுத்தது வண்டி. இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஆளை எண்ணி வண்டி சொல்லாதீர்கள், பெட்டியை எண்ணிச் சொல்லுங்கள். நாலு பேருக்கு ஒரு கார் என்பது கையை வீசிக்கொண்டு போகிற நாலு பேருக்கு. நம் ஊர் டாக்சிகளில் பலவற்றில் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கும். பெரிய பெட்டி ஒன்று வைத்தாலே நிறைந்துவிடும். மீதிப் பெட்டி மடியில். டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா, மேலே கேரியர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வண்டி சொல்லுங்கள். வெளிநாட்டில் சாதாரண டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மடியில் ஒரு பிள்ளை என்ற பேச்சே கிடையாது. நாலு பேருக்கு மேல் என்றால் பெரிய வண்டி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முடியாமல் இரண்டு வண்டியில் பிரிந்து போனால், ஒவ்வொரு வண்டியிலும் அந்தந்த ஆட்களின் பாஸ்போர்ட்டும் முகவரித் தாளும் வேலை செய்கிற ஒரு போனும் இருக்கட்டும்.

ஓட்டல் தரும் இலவச பிக்கப்பை நம்பி ஏமாந்தவன் நான். என் தங்கை குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஒரு வடநாட்டு நகரத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு வெளியே வந்து நின்றால் வண்டி இல்லை. போன் போட்டால், "எட்டு மணிக்கு மேல் வண்டி கிடையாது சார்" என்றார்கள். தொழிலில் இருக்கிற நானே நேரத்தைக் கேட்க மறந்திருந்தேன். அன்றிலிருந்து யாருக்கு வண்டி ஏற்பாடு செய்தாலும் நாலு விவரத்தை எழுத்தில் வாங்கிவிடுவேன்: டிரைவர் பெயர், நம்பர், வண்டி எண், நிற்கும் இடம். நிற்கும் இடம் முக்கியம். சென்னை விமான நிலையத்தில் செயலியில் அழைக்கிற வண்டிகள் வாசலுக்கு வருவதில்லை. எதிரே இருக்கிற பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நாம் போக வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு அது சின்ன தூரம் அல்ல.

வெளிநாட்டில் வண்டி கூப்பிடும் செயலியை இங்கேயே, வீட்டிலேயே போனில் ஏற்றி, கார்டையும் சேர்த்துவிடுங்கள். அங்கே போய் ஏற்றினால் ஓடிபி நம் ஊர் நம்பருக்கு வரும், அந்த நம்பர் அங்கே வேலை செய்யாமல் இருக்கும்.

வீல்சேர் தேவைப்படுகிறவர்கள் ஒரு இடத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. விமானத்துக்குத் தனி, துறைமுகத்துக்குத் தனி. நடுவில் கார், ஓட்டல் படிக்கட்டு இரண்டும் நம் பொறுப்பு. ஓட்டல் வாசலில் எத்தனை படி, லிப்ட் இருக்கிறதா என்று ஆச்சிமாரைக் கூட்டிப்போகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளைச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், சில நேரம் இருட்டிவிடும். பாஸ்போர்ட், மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், வரிசை நீளும். அப்புறம் ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வேண்டாம். தீப்பிடிக்கும் பயத்தில் கப்பலில் அனுமதிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொள்வார்கள், பெட்டியும் அறைக்கு வராமல் நிற்கும்.

திரும்பும் நாளை யாரும் யோசிப்பதே இல்லை. காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேரும் என்றால் ஏழரைக்கு வெளியே வந்துவிடலாம் என்று நினைத்துப் பத்து மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் இறங்க வேண்டும், குடியேற்றச் சோதனை, பெட்டி தேடுதல், அதே நேரத்தில் எல்லோரும் டாக்சி தேடுதல். பகல் ஒரு மணிக்கு மேல் விமானம் என்றால் நிம்மதி. முந்தின ராத்திரியே பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அடுத்த நாள் உடுத்த வேண்டிய சேலை, செருப்பு வரை எல்லாவற்றையும் அதில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு இறங்கிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். பாவம், ஊர் வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை. சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய் மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவது இரண்டாவது நுழைவு. விசாவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

கொச்சியிலிருந்து கப்பல் என்றால் நம்மவர்களுக்கு விமானமே வேண்டாம். பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் செங்கோட்டை வழியாகக் காலையில் எர்ணாகுளம். துறைமுகம் இருக்கிற வெலிங்டன் தீவு அந்த நகரத்தை ஒட்டியே இருக்கிறது. திருவனந்தபுரம் போய் விமானம் ஏறி, கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரியில் இறங்கினால், அங்கிருந்து நெரிசலில் மறுபடி ஊருக்குள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலில் போனாலும் ஒரு நாள் முன்னதாகவே போங்கள்.

இப்போது நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே ஒரு தாள் கொடுக்கிறேன். பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி, அதன் கீழே டிரைவரிடம் காட்ட அந்த ஊர் மொழியில் ஒரு வரி. எங்கிருந்து, எங்கே, எந்த வாயில், எத்தனை மணிக்கு, யாருக்குப் போன் போட வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை நகல், பேரப்பிள்ளை சட்டைப்பை உட்பட. டிக்கெட்டை வேறு எங்கே எடுத்திருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.