பெயரோடு ஒட்டிக்கொண்ட எண்

ஆர்ச் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவும் கருவி பேக்மேன். அதைப் பயன்படுத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பேக்மேனை மட்டும் அப்டேட் செய்தேன், ஒழுங்காக முடிந்தது. அடுத்த தடவை ஓட்டினால் 'லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3' கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. அந்த லைப்ரரியை நிறுவவும் பேக்மேன்தானே வேண்டும்?"

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். வழி இருக்கிறது. அதற்கு முன் அந்தக் கடைசி 3 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

நிரலை ஓட்டச் சொன்னதும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் டைனமிக் லோடர் என்ற ஏற்றியை எழுப்பும். லோடர் நிரலுக்குள் இருக்கும் தேவைப் பட்டியலைப் படித்து, அதிலுள்ள ஷேர்ட் லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்புகளைத் தேடி மெமரியில் ஏற்றும். சரி, பட்டியலில் அந்தப் பெயர்களை எழுதியது யார்?

நிரலைக் கட்டும் லிங்கர். அது கோப்பின் பெயரைப் பார்த்து எழுதுவதில்லை. தரவைச் சுருக்கும் இசட்லிப் என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் 'லிப்இசட்.எஸ்ஓ.1.3.1'. ஆனால் கோப்புக்குள்ளே 'என் பெயர் லிப்இசட்.எஸ்ஓ.1' என்று லைப்ரரியே எழுதி வைத்திருக்கும். இதற்கு எஸ்ஓநேம் என்று பெயர். லிங்கர் அதைத்தான் நிரலில் பதிக்கிறது. அடுத்து 1.3.2 வந்தாலும் உள்ளே இருக்கும் பெயர் மாறாது. எல்டிகான்ஃபிக் என்ற கருவி அந்தப் பெயரில் உள்ள சிம்லிங்கை, அதாவது கோப்பைச் சுட்டும் குறுக்குப் பெயரை, புதிய கோப்புக்குத் திருப்பிவிடும், பழைய நிரல்களுக்கு விஷயமே தெரியாது. எப்போது அந்த எண் மாறும்? பழைய நிரல்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதபோது. 8ஆம் பைட்டில் இருந்த ஒரு மதிப்பு 16ஆம் பைட்டுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். பழைய நிரல் 8ஆம் பைட்டைத்தான் படிக்கும், குப்பையை எடுத்துக்கொண்டு கூசாமல் கணக்குப் போடும். அந்த விபத்தைத் தடுக்கவே புதுப் பெயர். லிப்கிரிப்டோவைத் தரும் மறையாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் 2021இல் 3.0 ஆனபோது 1.1 என்ற வால் 3 ஆனது இப்படித்தான். (2 என்னவாயிற்று என்றால், அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் தரத்துக்கான அதன் மாட்யூல் அந்த எண்ணை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது.)

ஆகவே வாசகரின் பேக்மேன் 3ஐக் கேட்கிறது, கணினியில் இருப்பது 1.1. பலர் சொல்லும் பரிகாரம், 1.1க்கு 3 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் போடுவது. ஜாதகத்தில் பெயரை மாற்றி எழுதினால் ஆள் மாறிவிடுவான் என்பது போல. ஓபன்எஸ்எஸ்எல்லில் இது பலிக்காது: ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரோடும் பதிப்பு முத்திரை உண்டு, 'ஓபன்எஸ்எஸ்எல்_3.0.0 இல்லை' என்று லோடர் கையும் களவுமாகப் பிடித்துவிடும். முத்திரை இல்லாத லைப்ரரிகளில் பலித்துவிடும், அதுதான் பயம்.

இத்தனைக்கும் ஆதாரமான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு 2014இல் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். பாதி இணையமே அதன்மேல் நின்றது. இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சரி, வழிக்கு வருவோம். எல்டிடி கட்டளையை பேக்மேன்மேல் ஓட்டினால் எந்தெந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று காட்டும். புதிய ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜை பிரவுசரில் இறக்கி, ஒரு தற்காலிக ஃபோல்டரில் விரியுங்கள். விரிக்க க்னூ டார் கட்டளை போதும். பிஎஸ்டி டார் வேண்டாம், அதுவும் பேக்மேன் நம்பியிருக்கும் லிப்ஆர்கைவ் லைப்ரரியைத்தான் நம்பியிருக்கிறது, சேர்ந்தே விழுந்திருக்கக்கூடும். பிறகு, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் 'எல்டி_லைப்ரரி_பாத்' என்ற சூழல் மாறியில் விரித்த லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்து பேக்மேனை ஓட்டுங்கள். பெயர்கள் வேறு என்பதால் 1.1க்கு எந்த இடைஞ்சலும் இல்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ அந்த மாறியை உதறிவிடும். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, மாறிய பிறகே அதை அமையுங்கள்.

பேக்மேன் எழுந்ததும் முதல் கட்டளை முழு அப்டேட். இந்தத் தடவை ஒன்றை மட்டும் பிடுங்கி ஏற்ற வேண்டாம்.